குழந்தை ஓயாம அடம் பிடிக்குதா? டாக்டர்கள் முதல்ல பெற்றோரைக் கூப்பிடுவது ஏன்?

மளிகைக் கடை வாசல்ல 3 வயசு குழந்தை தரையில் புரண்டு அழுகிறது. பக்கத்தில் பையோடு நிற்கும் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றி இருப்பவர்கள் பார்ப்பது குழந்தையை அல்ல, அம்மாவை. 'பிள்ளைய வளக்கத் தெரியல' என்று யாராவது ஒருத்தர் சொல்லியும் விடுவார். அப்பா பக்கத்தில் நின்றாலும் இந்தப் பேச்சு அம்மாவுக்குத்தான் வரும்!

2 முதல் 4 வயது வரை அடம் பிடிப்பது இயல்பு. ஆசை நிறைய இருக்கும், அதைச் சொல்ல வார்த்தை போதாது. கோபத்தை அடக்கும் மூளைப் பகுதியும் இன்னும் முதிர்ந்திருக்காது. ஆனால் கத்தல், அடி, கடி, பொருட்களை வீசுவது எல்லாம் தினமும், மாதக்கணக்கில் நடந்தால் உதவி தேட வேண்டும். அப்படிப் போகும் பெற்றோர் பலர் எதிர்பார்ப்பது மருந்து. கிடைக்கும் பதிலோ, 'முதல்ல நீங்க ரெண்டு பேரும் வாங்க'.

குற்றம் சொல்வதற்காக இப்படிக் கூப்பிடுவதில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம்தான் மருத்துவர் குழந்தையைப் பார்க்க முடியும். மீதி நேரம் முழுக்க கூட இருப்பது நீங்கதான். ஏடிஹெச்டி என்ற கவனக்குறைவு, அதீத துறுதுறுப்பு பிரச்னை இருந்தால்கூட, 4, 5 வயதில் மருந்துக்கு முன்னாடி பெற்றோருக்கான பயிற்சியைத்தான் தொடங்கணும் என்கிறது அமெரிக்க குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதல்.

செல்போன் பொறி

அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் பல வருஷம் குடும்பங்களைக் கவனித்து ஒரு சுழற்சியை விளக்கினார். நம்ம வீட்டுக் கணக்கில் அது இப்படி இருக்கும்.

சாப்பிடும்போது குழந்தை போன் கேட்கிறது. 'கிடையாது' என்கிறீர்கள். கத்தல் கூடுகிறது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்குப் போனதும் கொடுத்துடுறீங்க. வீடு அமைதி. இதில் குழந்தை கற்றது: இவ்வளவு கத்தினால் கிடைக்கும். நீங்கள் கற்றது: கொடுத்தால் நிம்மதி. ரெண்டு பேருக்குமே பரிசு கிடைச்சாச்சு. அதனால்தான் நாளைக்கும் இதே நடக்கிறது. இதில் யாருமே கெட்டவர் இல்லை.

அடித்து அடக்குவதும் இதே கதைதான். அந்த நிமிஷம் அழுகை நிற்கும். ஆனால் கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்பதைக் குழந்தை உங்களிடமே பார்த்துக்கொள்கிறது.

பயிற்சியில் என்ன சொல்லித் தர்றாங்க?

ஆச்சரியமாக, தொடங்குவது தண்டனையிலிருந்து இல்லை, விளையாட்டிலிருந்து. தினமும் 10 நிமிஷம் போனைத் தூர வைத்துவிட்டு, குழந்தை இழுத்த இழுப்புக்கு விளையாட வேண்டும். அதிகாரம், அறிவுரை கிடையாது. அடுத்தது பாராட்டு. 'குட் பாய்' போதாது, 'தங்கச்சிக்குப் பொம்மையைக் கொடுத்தியே, சூப்பர்' என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டணும். சும்மா இருக்கும்போது கவனிக்காமல், கத்தும்போது மட்டும் திரும்பிப் பார்த்தால், குழந்தை எதைத் தேர்ந்தெடுக்கும்?

கட்டளை சின்னதாக இருக்கட்டும். 'ஒழுங்கா இரு' என்றால் குழந்தைக்கு ஒன்றும் புரியாது, 'செருப்பை ஸ்டாண்டுல வை' என்றால் புரியும். ஆபத்தில்லாத அடத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம். அடிப்பது, கடிப்பது என்றால் உடனே தடுத்தே ஆகணும்.

ஒரு எச்சரிக்கை. கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாட்கள் கத்தல் கூடும். பழைய வழி வேலை செய்யாததால் குழந்தை இன்னும் பலமாக முயற்சி செய்யும். பலர் 'இதெல்லாம் சரிப்படாது' என்று கைவிடுவது இங்கேதான். அப்போது கொடுத்தால், இன்னும் சத்தமாகக் கத்தணும் என்பதுதான் பாடம்.

கூட்டுக்குடும்பத்தில் இது ரொம்பவே சிரமம். அம்மா மறுத்ததை ஆச்சி முந்தானையில் மறைத்துக் கொடுத்தால் எல்லாம் பழையபடிதான். அதனால் முடிந்தால் தாத்தா, பாட்டியையும் ஆலோசனைக்குக் கூட்டிட்டுப் போங்க.

எப்போது தாமதிக்கக் கூடாது?

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, 2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிய சொற்களை மறந்துவிட்டது, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்றால் 'போகப் போக சரியாயிடும்' என்று காத்திருக்க வேண்டாம். காது கேட்பதில் குறை, பேச்சுத் தாமதம், ஆட்டிசம் ஆகியவையும் வெளியில் அடமாகத் தெரியலாம்.

எங்கே போவது?

2013-ல் தொடங்கிய மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. குழு வரும் நாளை அங்கன்வாடி பணியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டப் பரிசோதனையும் சிகிச்சையும் டிஇஐசி எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசம்.

குழந்தையோடு சேர்த்து உங்களுக்கும் தூக்கம் போய், அழுகை வந்து, 'என்னால முடியல' என்று தோன்றினால் டெலி மானஸ் எண் 14416-க்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழிலேயே பேசலாம். உங்கள் களைப்பைப் பற்றி மட்டும் பேசவும் அந்த எண்ணை அழைக்கலாம்.