வாசலை அடைக்கும் வெள்ளம்

ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் தொலைபேசிக் கடைகளில் ஊருக்குக் கதைப்பதற்காக வரிசையில் நின்ற காலம் எம்மவர் பலருக்கு நினைவிருக்கும். அங்கே ஒருவர் பொய்ப் பெயர்களில் எல்லா அறைகளையும் பதிந்துவிட்டு வராதிருந்தால், பூட்டு உடையாமலே கடை முடங்கியிருக்கும்.

1996 செப்டெம்பரில் நியூயோர்க்கின் பானிக்ஸ் இணையச் சேவை நிறுவனத்திற்கு நேர்ந்தது இதுவே. இரு கணனிகள் தொடர்புகொள்ள அழைப்பு, மறுமொழி, உறுதி என மூன்று செய்திகள் வேண்டும். அழைப்பு வந்ததும் சேவைக் கணனி இடமொதுக்கி, உறுதிக்காகக் காத்திருக்கும். பொய் முகவரிகளுடன் அழைப்புகள் குவிந்தன, உறுதி வரவில்லை, உண்மையான வாடிக்கையாளர் வெளியே நின்றனர்.

1997 ஓகஸ்டில் இலங்கைத் தூதரகங்கள் சில மின்னஞ்சல்களால் தொல்லைக்குள்ளாகின. 'இணையக் கரும்புலிகள்' எனத் தம்மை அழைத்துக்கொண்டோர் அதற்கு உரிமை கோரியதாக அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் பதிவுசெய்தது. முறை வேறாயினும் தத்துவம் ஒன்றே. அரசியலை எவ்வாறு நோக்கினும், அஞ்சற்பெட்டி அடைபட்டால் பிறப்புச் சான்றிதழ் கேட்கும் ஏதிலியின் கடிதமும் உள்ளே நுழையாது.

பானிக்ஸ் தாக்கப்பட்ட அதே மாதத்தில், கணித அறிஞர் டானியல் பேர்ன்ஸ்டைன் மாற்று வழியொன்றை முன்வைத்தார். உறுதி வரும்வரை இடமொதுக்காது, மறுமொழியிலேயே இரகசியக் குறியொன்றை அனுப்புவதே அது. இன்றும் அது பயன்படுகிறது. எனினும் வெள்ளங்கள் ஓயவில்லை.

பிரான்சில் வதிவிட அட்டை விண்ணப்பங்கள் பெருமளவு இணையவழியாகிவிட்ட இந்நாளில், கடைசி நாள்வரை காத்திராதீர்கள். தளம் இயங்காவிடின், திகதியும் நேரமும் தெரியத் திரையைப் படமெடுத்துப் பேணுங்கள்.