‘மேக்ரோ’ என்று பொறித்திருந்தால் போதுமா? உண்மையான மேக்ரோ லென்ஸை அடையாளம் காண்பது எப்படி

பூச்சிகள், பூக்கள், நகைகள், நாணயங்கள் போன்ற சிறிய பொருள்களைப் படமெடுக்க விரும்புவோர் முதலில் தேடுவது மேக்ரோ லென்ஸ். ஆனால், அச்சொல் பொறிக்கப்பட்ட லென்ஸ்கள் அனைத்தும் ஒரே திறன் கொண்டவை அல்ல. பணம் செலுத்தும் முன் பார்க்க வேண்டியது, விவரக் குறிப்பில் உள்ள உருப்பெருக்க விகிதம்.

கேமராவின் சென்சார் மீது விழும் பிம்பத்தின் அளவுக்கும் பொருளின் உண்மையான அளவுக்கும் இடையிலான விகிதம் இது. 10 மி.மீ. நீளமுள்ள ஈயின் பிம்பம் சென்சார் மீதும் 10 மி.மீ. நீளத்தில் விழுந்தால் விகிதம் 1:1. இந்த அளவை எட்டும் லென்ஸே உண்மையான மேக்ரோ லென்ஸ் என்பது புகைப்படக் கலைஞர்களிடையே நிலவும் பொதுவான வரையறை. விகிதம் 1:4 எனில், அதே ஈ 2.5 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். பின்னர் திரையில் பெரிதாக்கினாலும், பதிவாகாத நுண்விவரங்கள் கிடைக்கப்போவதில்லை.

பெயர்கள் குழப்பமானவை. ‘மேக்ரோ’ என்ற அடைமொழியுடன் விற்பனையான டாம்ரான் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸின் உச்ச விகிதம் 1:2. தரத்துக்குப் பெயர்பெற்ற ஸைஸ் நிறுவனத்தின் மேக்ரோ-பிளானார் 100 மி.மீ. லென்ஸும் 1:2 வரை மட்டுமே செல்லும். நிக்கான் நிறுவனமோ தனது மேக்ரோ லென்ஸ்களை நீண்ட காலம் ‘மைக்ரோ’ என்றே அழைத்து வந்தது. மறுபுறம், கேனான் எம்பி-இ 65 மி.மீ. லென்ஸ் பொருளை ஐந்து மடங்கு வரை பெரிதாக்கும். தொலைவில் உள்ள எதையும் அதனால் படமெடுக்க இயலாது.

ஐயம் எழுந்தால் கடையிலேயே சோதிக்கலாம். லென்ஸை மிகக் குறைந்த ஃபோகஸ் தொலைவில் நிறுத்தி, தெளிவு கிடைக்கும் வரை கேமராவை முன்பின் நகர்த்தி ஓர் அளவுகோலைப் படமெடுக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் படத்தின் அகலத்துக்குள் 36 மி.மீ. மட்டும் தெரிந்தால் விகிதம் 1:1, 72 மி.மீ. தெரிந்தால் 1:2. அளவுகோல் இல்லையெனில் 10 ரூபாய் நாணயமே போதும். அதன் விட்டம் 27 மி.மீ.; சென்சாரின் உயரமோ 24 மி.மீ. ஆகவே, 1:1 விகிதத்தில் நாணயத்தின் மேல், கீழ் விளிம்புகள் படத்தில் அடங்காது.

சாதாரண 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே 50 மி.மீ. நீள எக்ஸ்டென்ஷன் டியூப் பொருத்தினால் 1:1 விகிதத்தைக் குறைந்த செலவில் எட்டிவிடலாம். எனினும், அத்தகைய லென்ஸ் தொலைவுப் பொருள்களுக்காக வடிவமைக்கப்பட்டது. படத்தின் ஓரங்களில் தெளிவு குறையக்கூடும். மையம் முதல் ஓரம் வரை சீரான தெளிவு தருமாறு அண்மைத் தொலைவுக்கெனவே திருத்தப்பட்டிருப்பதால்தான் மேக்ரோ லென்ஸின் விலை கூடுதலாக உள்ளது. அஞ்சல் தலை, ஆவணம் ஆகியவற்றைப் படமெடுப்போருக்கு இது முக்கியம்.

சரியான லென்ஸை வாங்கினாலும் சிரமங்கள் உண்டு. 1:1 விகிதத்தில், எஃப் 8 துளையளவில்கூட தெளிவாகப் பதிவாகும் ஆழம் சுமார் 1 மி.மீ. மட்டுமே. சென்சாரை அடையும் ஒளியும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. 50 அல்லது 60 மி.மீ. லென்ஸில் அதன் முனைக்கும் பூச்சிக்கும் இடையே சுமார் 5 செ.மீ. மட்டுமே இருப்பதால், பூச்சி பறந்துவிடும். லென்ஸின் நிழலும் விழும். உயிரினங்களைப் படமெடுப்போர் 100 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸை நாடுவது இதனால்தான்.