அயனியை உணரும் சங்கிலிகள்

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களின் நிலத்தடி நீரில், பாறைகளிலிருந்து கரைந்து வரும் ஃபுளூரைடு அயனி மிகுந்துள்ளது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிகுந்த நீரைத் தொடர்ந்து பருகும் குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது. நெடுங்காலம் பருகுவோரின் மூட்டுகள் இறுகி உடல் முடங்குவதும் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத இவ்வயனியைக் காட்டித்தரும் ஆற்றல் சிலவகைப் பலபடிகளுக்கு உண்டு.

மின்கடத்தும் நெகிழி

சிறு மூலக்கூறுகள் பல, மணிகளைக் கோத்தாற்போல் இணைந்த நெடுஞ்சங்கிலியே பலபடி. அன்றாடம் நாம் காணும் நெகிழிகள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆனால், கார்பன் அணுக்களிடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்த பலபடிகளில், எலக்ட்ரான்கள் ஒரு பிணைப்புக்குள் அடங்காமல் சங்கிலி நெடுகப் பரவி நிற்கின்றன. இவையே இணைவுறு பலபடிகள். இவ்வகையைச் சார்ந்த பாலிஅசெட்டிலீனுடன் அயோடினைச் சேர்த்தால் அதன் கடத்துதிறன் பன்மடங்கு உயர்வதை ஹிடேக்கி ஷிரகாவா, ஆலன் மெக்டியார்மிட், ஆலன் ஹீகர் ஆகியோர் 1977இல் வெளியிட்டனர். மின்கடத்தும் பலபடிகளைக் கண்டறிந்தமைக்காக 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மூவருக்கும் வழங்கப்பெற்றது.

பற்றுதலும் அறிவித்தலும்

உணரிக்கு இரு பண்புகள் வேண்டும்: உரிய அயனியைப் பற்றுதல், பற்றியதை அறிவித்தல். ஃபுளூரைடைப் பற்றுவதற்குச் சங்கிலியில் போரான் அணுக்களைப் பொருத்துகின்றனர். போரானில் எலக்ட்ரான் இரட்டையை ஏற்கும் வெற்றிடம் உண்டு. ஃபுளூரைடு அவ்விரட்டையை வழங்கி அங்கே பிணைகிறது. அப்போது எலக்ட்ரான்களின் பரவல் தடைபட, பலபடியின் நிறமோ ஒளிர்வோ மாறுகிறது.

தனி மூலக்கூறு உணரியில் ஓர் அயனி ஒரு மூலக்கூறின் ஒளியை மட்டுமே மாற்றும். சங்கிலியிலோ, உறிஞ்சப்பட்ட ஒளியாற்றல் நெடுகப் பயணம் செய்கிறது. வழியில் அயனி பற்றிய ஓரிடத்தை அடைந்தாலே ஒளிர்வு மங்கிவிடும். திருவிழாத் தொடர்விளக்கில் ஒரு விளக்குப் பழுதானால் சரமே அணைவதைப் போன்றது இது. இப்பெருக்க விளைவை டிமோத்தி சுவேகர் குழுவினர் 1995இல் விளக்கிக்காட்டினர்.

எஞ்சியுள்ள பணி

நீர் மூலக்கூறுகள் ஃபுளூரைடை இறுகச் சூழ்ந்து நிற்பதால், கரிமக் கரைப்பான்களில் சிறப்பாகச் செயல்படும் உணரிகள் பல, நீரில் தளர்ந்துவிடுகின்றன. இத்தடையைக் கடப்பதே ஆய்வாளர்முன் உள்ள அறைகூவல். உணரி நீரைத் தூய்மையாக்குவதில்லை. எந்தக் கிணற்று நீரைப் பருகலாம் என்பதையே சொல்லும். அதனை அறிவதே காப்பின் முதற்படி.