செவிலியரின் நான்காம் பண்பு

நோயுற்றாரைப் பேணுதற்கு இரக்கமுள்ள நெஞ்சும் சலியாத கைகளும் இருந்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். மருத்துவர் தம் அறிவால் நோயைத் தீர்க்கின்றார். செவிலியர் அவர் சொன்னதை அன்போடு செய்து முடிக்கின்றார் என்பது அவர்தம் கருத்து. நம் முன்னோர் அவ்வாறு எண்ணினார் அல்லர்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பது. நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்னும் நான்கையும் உடையதே மருத்துவம் என்று அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் வகுத்துரைக்கின்றார். உழை என்பது பக்கம் எனப் பொருள்படும். நோயாளியின் பக்கத்தில் இருந்து வேண்டுவன செய்பவனே உழைச்செல்வான். இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், இந்நான்கிற்கும் நந்நான்கு பண்புகளைக் கூறுகின்றார். நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் திறம், அறிவு ஆகியவை உழைச்செல்வானுக்கு உரியவை. இவற்றுள் முதல் மூன்றையும் எவரும் எளிதில் ஒப்புவர். நான்காவதாக அறிவை வைத்தது ஏன்? சொல்லியவாறே செய்பவனுக்குத் தனியே ஓர் அறிவு எதற்கு? அவ்வறிவு எத்தகையது?

இவ்வினாக்களுக்கு விடை காண ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். திருவண்ணாமலைக்கு வடக்கே, வேலூர்ச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அவ்வூரிலேதான் உள்ளது. அங்கே அறுபது வயதைக் கடந்த உழவர் ஒருவர் வாழ்கின்றார் என்று கொள்வோம். அவருக்குப் பத்தாண்டுகளாக நீரிழிவு நோய். வலக்காலில், பெருவிரலின் அடியில் ஒரு காசளவு புண் தோன்றியது. வலி இல்லை, ஆகவே அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சீழ் கண்ட பிறகே மருத்துவமனைக்கு வந்தார். மருத்துவர் புண்ணைத் துப்புரவு செய்து, மருந்து எழுதி, நாள்தோறும் கட்டு மாற்றுமாறு பணித்தார். செவிலியர் ஒரு நாளும் தவறாது கட்டு மாற்றினார். புண் ஆறியது. உழவர் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினார். ஆறு திங்கள் கழிந்தன. அதே இடத்தில் மீண்டும் புண். இம்முறை அஃது எலும்பைத் தொட்டுவிட்டது. விரலை எடுத்தே தீரவேண்டும். காலம் தாழ்த்தினால் பாதத்தையே இழக்க நேரிடலாம்.

இங்கே தவறு செய்தவர் யார்? மருந்து சரியானது; கட்டும் சரியானது. அன்புக்கும் தூய்மைக்கும் குறைவில்லை. சொல்லியவை யாவும் சொல்லியவாறே செய்யப்பட்டன. எனினும் கால் காப்பாற்றப்படவில்லை. செவிலியர் புண்ணைப் பார்த்தார். புண்ணுக்கு உரியவரைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. எதைப் பார்க்கவேண்டும் என்று கண்ணுக்குச் சொல்லித் தருவதே கோட்பாடு.

கோட்பாடு என்னும் சொல்லைக் கேட்டு மாணவர்கள் அஞ்சவேண்டுவதில்லை. கீழ்வானத்து மேகத்தை வழிப்போக்கனும் பார்க்கின்றான், உழவனும் பார்க்கின்றான். வழிப்போக்கன் காண்பது மேகம் மட்டுமே. உழவனோ காற்றின் திசை, திங்கள், மண்ணின் ஈரம், விதையின் நிலை ஆகியவற்றை மேகத்தோடு சேர்த்துக் காண்கின்றான். இவ்வாறு பலவற்றைத் தொடர்புபடுத்திக் காணும் ஒழுங்கான எண்ணமே கோட்பாடு. உழவன் அதனை ஏட்டில் எழுதி வைப்பதில்லை. செவிலியர்கள் எழுதி வைத்தனர். எழுதியதனால் அதனைப் பிறருக்குக் கற்பிக்கவும், பிழை கண்டவிடத்துத் திருத்தவும் இயன்றது.

முதலில் எழுதியவர் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் (1820–1910). கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேணுவதற்காக, 1854ஆம் ஆண்டு நவம்பரில் 38 செவிலியருடன் இசுகுட்டாரி மருத்துவமனையை அடைந்தார். கையில் விளக்கேந்தி இரவில் படுக்கைதோறும் சென்ற அவருடைய உருவத்தையே உலகம் நினைவில் வைத்திருக்கின்றது. அது குறையன்று, ஆனால் அவருடைய பெருமை விளக்கோடு முடிவதன்று. போர் முடிந்து நாடு திரும்பியபின், புள்ளியியல் வல்லுநராகிய வில்லியம் பார் என்பவரின் துணையோடு இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். போர்ப்புண்ணால் இறந்தவர்களைவிடக் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் இறந்தவர்களே மிகப் பலர் என்பது தெளிவாயிற்று. மருத்துவமனையின் அடியில் தேங்கிய கழிவும், அடைபட்ட காற்றும், நெருக்கமும் வீரர்களை மாய்த்தன. 1855ஆம் ஆண்டின் வேனிற்காலத் தொடக்கத்தில் கழிவுக்கால்கள் துப்புரவு செய்யப்பட்டுக் காற்றுக்கு வழி விடப்பட்ட பின்னர், இறப்புகள் பெரிதும் குறைந்தன.

இதிலிருந்து அவர் கண்ட கோட்பாடு எளியது. நோயை ஆற்றுவது இயற்கையே. அவ்வியற்கை தன் வேலையைச் செய்வதற்கு ஏற்ற சூழலை அமைத்துக் கொடுப்பதே செவிலியர் கடமை. தூய காற்று, தூய நீர், வெளிச்சம், அமைதி, நல்லுணவு ஆகிய இவற்றைப் பற்றி 1859இல் அவர் நூல் எழுதி வெளியிட்டார். இங்கே ஒன்றைச் சொல்லாமல் செல்லலாகாது. தீய காற்றே நோயைப் பிறப்பிக்கின்றது என்று அக்காலத்தார் பலர் நம்பினர். அம்மையாரும் அவ்வாறே நம்பினார். நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு பின்னரே நிலைபெற்றது. காரணத்தைப் பற்றிய எண்ணம் பிழையாயினும், பார்க்கவேண்டிய இடத்தை அக்கோட்பாடு சரியாகச் சுட்டிற்று. பிழையான பகுதி பின்வந்தோரால் களையப்பட்டது. எழுதி வைத்த எண்ணத்திற்கு இந்த நன்மை உண்டு.

நூறு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்க நாட்டுச் செவிலியராகிய வர்சீனியா ஹெண்டர்சன் (1897–1996) மற்றொரு வினாவை எழுப்பினார்: செவிலியர் பணி என்பதுதான் யாது? மூச்சு விடுதல், உண்ணுதல், உறங்குதல், உடல் தூய்மை, பிறரோடு பேசுதல், வழிபடுதல் முதலாகப் பதினான்கு தேவைகளை அவர் வகுத்தார். வலிமையும் விருப்பமும் அறிவும் இருந்தால் ஒருவர் தாமே செய்துகொள்வன யாவையோ, அவற்றை அவருக்குச் செய்ய உதவுவதும், விரைவில் அவரே செய்யுமாறு ஆக்குவதும் செவிலியர் பணி என்றார். வலிமை, விருப்பம், அறிவு என்னும் அம்மூன்று சொற்களையும் நம் வேங்கிக்கால் உழவரிடம் பொருத்திப் பாருங்கள். அவருக்கு வலிமை உண்டு. ஏர் பிடித்த கை. வலி இல்லாமையால் காலைப் பேணவேண்டும் என்னும் விருப்பம் எழவில்லை. வலியின்மையே நோயின் அடையாளம் என்னும் அறிவு அவருக்கு இல்லை. குறை எங்கே என்பது இப்பொழுது புலனாகின்றதன்றோ?

டொரோத்தியா ஓரம் (1914–2007) என்னும் அம்மையார் இவ்வெண்ணத்தை மேலும் விரித்து, 1971இல் ஒரு நூலாக வெளியிட்டார். மக்கள் இயல்பாகவே தம்மைத் தாமே பேணிக்கொள்கின்றனர். நோய் வரும்போது பேணவேண்டியவை மிகுகின்றன. பேணும் ஆற்றலோ குறைகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே தோன்றும் பள்ளத்தை நிரப்புவதே செவிலியர் தொழில். நினைவிழந்து கிடப்பவருக்கு எல்லாவற்றையும் செவிலியரே செய்யவேண்டும். அறுவைக்குப் பின் எழுந்து அமர்பவரிடம் பாதி வேலையை அவருக்கு விட்டுவிடவேண்டும். நடமாடக் கூடியவருக்கோ கற்பித்தலும் ஊக்குதலுமே போதும். இவற்றுள் எது வேண்டும் என்று அளந்தறியாமல், எல்லார்க்கும் எல்லாவற்றையும் செய்வது அன்புபோலத் தோன்றினும் நோயாளியின் ஆற்றலைக் கெடுக்கும்.

இக்கோட்பாட்டைக் கற்ற செவிலியர் நம் உழவரின் கட்டை அவிழ்க்கும்போது அவருடைய கேள்விகளே வேறாகும். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தை ஆங்காங்கே தொட்டு, உணர்ச்சி உண்டா என்று ஆராய்வார். குனிந்து தம் உள்ளங்காலைப் பார்க்க அவரால் இயலுமா? கண்பார்வை எப்படி? நகத்தை வெட்டுபவர் யார்? எதனால் வெட்டுகின்றார்? வயலுக்குச் செல்லும்போது காலில் என்ன அணிகின்றார்? மருத்துவர் எழுதிய சீட்டில் இக்கேள்விகள் இரா. பரிமேலழகர் சொன்ன நான்காம் பண்பு இங்கேதான் வேலை செய்கின்றது.

உணர்ச்சி இழந்த காலைப் பற்றிய அறிவு நமக்கு நெடுந்தொலைவிலிருந்து மட்டும் வந்ததன்று. வேங்கிக்காலிலிருந்து அதே சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சென்றால் வேலூரை அடையலாம். அங்கே ஐடா இசுகடர் அம்மையார் 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் திறந்தார். 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. 1946இல் தில்லியிலும் வேலூரிலும் செவிலியர்க்கான பட்டப்படிப்பு இந்தியாவில் முதன்முதலாக ஏற்பட்டது. அதே ஆண்டில் வேலூருக்கு வந்தவர் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர். ஆங்கிலேயப் பெற்றோர்க்கு நம் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று மக்கள் நம்பிய காலம் அது. பிராண்டும் அவருடன் உழைத்தோரும் வேறு உண்மையைக் கண்டனர். நோய் நரம்பைக் கெடுக்கின்றது, வலி மறைகின்றது, வலி மறைந்தமையால் முள்ளும் கல்லும் நெருப்பும் ஓயாத அழுத்தமும் செய்யும் கேட்டை அவர் உணர்வதில்லை. விரலை அழிப்பது அக்கேடே. இவ்வுண்மை தெரிந்ததும் பேணும் முறை மாறியது. மெத்தென்ற நுண்துளை ரப்பரால் செருப்புகள் செய்யப்பட்டன. ஒவ்வோர் இரவும் கைகால்களைத் தாமே பார்த்துக்கொள்ளுமாறு நோயாளர்க்குக் கற்பிக்கப்பட்டது. நீரிழிவால் உணர்ச்சி இழந்த காலுக்கும் இன்று அதுவே வழி.

இனி, மிகக் கடினமான இடத்திற்கு வருகின்றோம். நம் உழவர் பௌர்ணமிதோறும் மலையை வலம் வருபவர். பாதை 14 கிலோமீட்டர்; செருப்பணியாது நடப்பதே மரபு. உணர்ச்சியற்ற பாதத்துடன் தார்ச்சாலையில் அத்துணைத் தொலைவு நடந்தால் ஆறிய புண் மீண்டும் திறவாது என்று எவ்வாறு சொல்வது? "இனிக் கிரிவலம் போகாதீர்" என்று செவிலியர் கடிந்து கூறலாம். பெரியவர் தலையசைத்துக் கேட்பார்; அடுத்த பௌர்ணமிக்குச் சொல்லாமல் போவார். மருத்துவமனைக்கு வருவதை வேண்டுமானால் நிறுத்திவிடுவார்.

செவிலியராகவும் மானிடவியல் அறிஞராகவும் விளங்கிய மாதலின் லெய்னிங்கர் (1925–2012) என்பார் இத்தகைய நிலைக்கு ஒரு வழி கண்டார். மக்களின் பழக்கங்களை மூவகையாக எண்ணுக என்பது அவர் கூற்று. சிலவற்றை அவ்வாறே காத்தல் வேண்டும். சிலவற்றில் இருபுறமும் பேசி ஒத்துப்போதல் வேண்டும். சிலவற்றை மட்டும் நோயாளியின் உடன்பாட்டோடு மாற்றியமைத்தல் வேண்டும். வழிபாடும் அந்நாளைக் கொண்டாடும் உள்ளமும் காக்கத்தக்கவை. அவற்றில் செவிலியர் தலையிடுவதற்கு ஒன்றுமில்லை. புண் ஆறும்வரை வண்டியில் வலம் வருதல் பேசி ஒத்துக்கொள்ளத் தக்கது. வண்டியில் வருவோரை அப்பாதையில் இன்றும் காணலாம். வெறுங்காலோடு நெடுந்தொலைவு நடத்தல் மாற்றப்படவேண்டியது. அந்நாளில் நோன்பிருந்துகொண்டே நீரிழிவு மாத்திரையை விழுங்கினால் குருதியில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரலாம். அதனைப் பற்றியும் மருத்துவரோடு கலந்து முன்கூட்டியே பேசவேண்டும். இவ்வாறு பேசுவதற்கு நோயாளி செவிலியரை நம்பவேண்டும். அந்நம்பிக்கை எப்படிப் படிப்படியாக வளர்கின்றது என்பதையே ஹில்டெகார்டு பெப்லாவு அம்மையார் 1952இல் வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்தார். முதல் நாளில் இருவரும் அயலார்; பின்னரே ஆசிரியரும் மாணவருமாக, ஒரு வேலையின் இரு பங்காளிகளாக ஆகின்றனர்.

இன்று செவிலியர் பணி மருத்துவமனைச் சுவர்களைத் தாண்டிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் தேர்ந்த செவிலியரை ஆக்குவதற்கு இந்தியச் செவிலியர் மன்றம் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை வகுத்துள்ளது. தமிழ்நாட்டில், 2021 ஆகத்து 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின்படி, நீரிழிவும் குருதி அழுத்தமும் உடையாரின் இல்லத்திற்கே பணியாளர்கள் மருந்தோடு செல்கின்றனர். படுக்கையில் கிடப்போரைப் பேணச் செவிலியரும் செல்கின்றனர். இல்லத்தில் மருத்துவர் அருகில் இரார். எதைக் காணவேண்டும், எப்பொழுது மருத்துவரை அழைக்கவேண்டும் என்பதைச் சென்றவரே முடிவு செய்யவேண்டும். பதவி உயர உயரப் பிறர் சொல்லும் சொல் குறைகின்றது. தம் அறிவின் பொறுப்பு மிகுகின்றது.

ஆயினும், ஏட்டில் கற்ற கோட்பாடு வீட்டு வாசலில் சற்றே தடுமாறுவதும் உண்டு. ஓரம் அம்மையார் 'தம்மைத் தாமே' என்றபோது தனியொருவரையே நினைத்தார் போலும். வேங்கிக்காலில் பெரியவரின் உணவை அளப்பவர் மருமகள். நகம் வெட்டிவிடுபவர் மனைவி. மாத்திரை வாங்கி வருபவர் மகன். பெரியவருக்கு மட்டும் கற்பித்துவிட்டுத் திரும்பும் செவிலியர் காற்பங்கு வேலையையே செய்தவராவார். உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் நோக்கி, சிவப்பு உண்டா, கொப்புளம் உண்டா என்று சொல்லக்கூடிய கூரிய கண்கள் அவ்வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெயர்த்திக்கே இருக்கலாம். ஆகவே செவிலியர் அவளையும் அருகில் அழைத்து அமர்த்தி, பெரியவரின் பாதத்தை அவள் கையில் கொடுத்து, விரலிடுக்கிலிருந்து பார்க்கத் தொடங்குமாறு காட்டுகின்றார்.