சும்மாதானே இருக்கே!

முப்பது வயதைத் தாண்டிய மகள் கல்லூரியில் ராகிங் செய்ய மாட்டாள் என்று, செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடும் ஒரு தகப்பனார் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 2009-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி, மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று என இரண்டு உறுதிமொழிப் பத்திரங்கள் தர வேண்டும். மாணவருக்கு என்ன வயது என்பதெல்லாம் அந்தப் படிவத்துக்குத் தெரியாது. அதற்கு முந்தைய மாதம்வரை சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு பேருடைய விடுப்பு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அந்த மகள். "எங்க மேல எந்தக் கேஸும் வராதே?" என்று மட்டும் அப்பா கேட்டாராம்.

அவர் இப்போது விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டு எல்.எல்.பி. படிக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். ஊரில் ஏற்கெனவே போதுமான அளவு பேசிவிட்டார்களாம்.

வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறவர்களைப் பற்றி நாம் படிக்கும் கதைகள் பெரும்பாலும் ராஜினாமா கடிதத்தில் தொடங்கி, தேர்வு முடிவு வந்த அன்றைய புகைப்படத்தில் முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் செவ்வாய்க்கிழமைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. செஞ்சியில் இவரிடம் பேசியபோது நான் கேட்டதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமைகளைப் பற்றித்தான்.

முதலில், ஏன் விட வேண்டும்? வேலை பார்த்துக்கொண்டே படிக்கக் கூடாதா? வேறு படிப்பாக இருந்தால் முடியும். எம்.ஏ., எம்.காம். எல்லாம் அஞ்சல்வழியில் முடித்துவிட்டுப் பதவி உயர்வு வாங்கியவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். சட்டப் படிப்பு அப்படியல்ல. தொலைதூரக் கல்வியில் வாங்கும் சட்டப் பட்டத்தைப் பார் கவுன்சில் ஏற்பதில்லை. வகுப்பில் 70 சதவீத வருகை வேண்டும் என்பதும் விதி. அதாவது, சட்டம் படிக்க வேண்டுமானால் பகல் நேரம் முழுவதையும் கொடுத்தாக வேண்டும். அலுவலகமும் அதே பகலைத்தான் கேட்கிறது. மூன்றாண்டுப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் வயது உச்சவரம்பு இல்லாததால் வாசல் என்னவோ திறந்துதான் கிடக்கிறது.

அவர் சட்டத்தின் பக்கம் வந்த கதை ருசியானது. ஜி.எஸ்.டி. நோட்டீஸ், தொழிலாளர் துறை நோட்டீஸ் எது வந்தாலும் பதிலை இவர்தான் தயார் செய்வாராம். "நான் எழுதின பதிலுல வக்கீல் ரெண்டு வார்த்தையை மாத்திக் கையெழுத்துப் போட்டு பில் அனுப்புவாரு. அந்த பில்லையும் நான்தான் பாஸ் பண்ணணும். ஒருநாள் தோணிச்சு, எதுக்கு இந்தச் சுத்து வழின்னு."

விடுவதற்குக் கொஞ்சம் கணக்கும் போட்டிருக்கிறார். ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டு முடிந்தால் பணிக்கொடை உண்டு. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கிட்டுத் தர வேண்டும் என்றது அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம். அந்த ஐந்தாண்டு தாண்டும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, பிறகுதான் கடிதம் கொடுத்தார். சென்னை வாடகை மிச்சமாகட்டும் என்று அறையைக் காலிசெய்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

செஞ்சிக்கு ரயில் கிடையாது. திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் உட்கார்ந்திருக்கும் ஊர். எங்கே போவதென்றாலும் பஸ்தான். விழுப்புரம் ஒரு மணி நேரத்துக்கு மேல். வெள்ளைச் சுடிதார், அதற்கு மேல் கறுப்புக் கோட்டு, தோளில் பை என்று காலையில் பஸ் நிலையத்தில் நிற்பவரைப் பார்த்து, வக்கீலம்மா என்று நினைத்து வழிவிடும் பெரியவர்கள் உண்டாம். வகுப்பில் உடன் படிக்கும் இருபத்தோரு வயதுப் பிள்ளைகளோ முதல் வாரத்தில் "மேம்" என்றார்கள். இரண்டாம் வாரத்தில் "அக்கா" ஆனார். அதன்பிறகு பிரச்சினை இல்லை. வகுப்புத் தோழர் என்பதைவிட அக்கா என்பதில் ஒரு வசதி இருக்கிறது என்கிறார்: நோட்ஸ் கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஆனால் டீக்கடையில் காசு மட்டும் கடைசியில் அக்காதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

அவரை உண்மையிலேயே அழவைத்தது கைதான். பல ஆண்டுகளாகக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமே பேனாவைத் தொட்டவர். மற்றதெல்லாம் கீபோர்டு. முதல் செமஸ்டரில் மூன்று மணி நேரத் தேர்வு. முக்கால் மணி நேரத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டது. பக்கத்துப் பெஞ்சுப் பையன் கூடுதல் தாள் கேட்டு எழுந்து நிற்கிறான். இவர் மேசைக்கு அடியில் விரல்களை நீவிக்கொண்டிருக்கிறார். விடை தெரியும், எழுத முடியவில்லை. ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு முழுக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு தினமும் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம், பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில், எதையாவது பார்த்து எழுதுகிறார். பெரும்பாலும் தினத்தந்தி தலையங்கம். படிப்பதற்காக அல்ல, விரலுக்காக.

சரி, இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் நேரத்தை யாரும் வேலை நேரமாக மதிப்பதில்லை.

சென்னையில் இருந்தபோது காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை அம்மா போன் செய்ய மாட்டார். "ஆபீஸ்ல இருப்பா" என்பது வீட்டில் ஒரு தடுப்புச் சுவர் மாதிரி நின்றது. இப்போது ஸ்டடி ஹாலிடே. புத்தகத்தைத் திறந்தால் ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்கள். மூடிவிட்டுத் திரும்பி வந்து திறந்தால் சித்தியின் ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும். அதுவும் முடிந்தால், அமாவாசைக்கு மேல்மலையனூர் போகத் துணைக்கு ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே முன்னுரைதான்: "நீ சும்மாதானே இருக்கே!"

கல்யாண வீடுகளில் இன்னொரு மாதிரி. "வேலையை விட்டுட்டியாமே?" என்று ஆரம்பிப்பவர்கள், குரலைத் தாழ்த்தி, "விட்டியா, தூக்கிட்டாங்களா?" என்பார்கள். ஐ.டி. நிறுவனங்கள் கூட்டம் கூட்டமாக ஆளெடுத்துக் கூட்டம் கூட்டமாக அனுப்பும் காலத்தில், தானாக விட்டேன் என்பதை நம்ப ஆளில்லை. அதற்கு அவர் ஒரு பதில் வைத்திருக்கிறார். "இந்தச் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க அவுரங்கசீப்போட தளபதி சுல்பிகர் கான் 1690-லேர்ந்து 1698 வரைக்கும் வெளியிலயே காத்துக்கிட்டு இருந்தான். நான் மூணு வருஷம்தானே கேக்கறேன்?" கேட்டவர் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்த 2025 ஜூலைக்குப் பிறகு இந்தப் பதிலுக்கு மதிப்புக் கூடியிருக்கிறதாம்.

கோட்டையில் உட்கார்ந்து படிக்கலாமே என்று நான் கேட்டேன், வெளியூர்க்காரன் புத்தி. செட்டிக்குளத்தின் கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். குரங்குகளைச் சமாளித்துவிடலாம், ஆனால் தெரிந்தவர்கள் யாராவது வந்து "என்னம்மா தனியா உக்காந்திருக்கே, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பதைச் சமாளிக்க முடியவில்லை. நூலகத்துக்கு மாறினார். அங்கே குரூப் 4-க்கும் குரூப் 2-க்கும் படிக்கிற ஒரு கூட்டம் காலையிலேயே நாற்காலி பிடித்துவிடுகிறது. அவர்களில் வேலையை விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு வித்தியாசத்தை அவர் கவனித்திருக்கிறார். "அவங்களை யாரும் சும்மா இருக்கறதா சொல்றதில்லை. 'குரூப்புக்குப் படிச்சிக்கினு இருக்கான், தொந்தரவு பண்ணாதே'ன்னுதான் வீட்ல சொல்றாங்க. ஏன்னா முடிவுல சர்க்கார் சம்பளம் இருக்கு. எனக்கு முடிவுல என்னா இருக்குன்னு எங்க அம்மாவுக்கே தெரியலை."

இந்த இடத்தில் எனக்குக் கணித மேதை ராமானுஜன் நினைவுக்கு வந்தார். அவருக்கும் இந்த வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1910-இல் கும்பகோணத்திலிருந்து ரயிலேறி, விழுப்புரத்தில் வண்டி மாறித் திருக்கோவிலூர் போனார். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதவியல் கழகத்தைத் தொடங்கியவர். தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்பதுதான் ராமானுஜனின் வேண்டுகோள். நோட்டுப் புத்தகங்களைப் பார்த்த ஐயர், இந்த மூளையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் போட்டு நசுக்க மனமில்லாமல் வேலை தராமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். வேலை கேட்டு வந்தவனுக்கு வேலை தராமல் நன்மை செய்த அதிகாரிகளின் பட்டியல் மிகவும் சிறியது.

பிறகு 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர், மாதச் சம்பளம் 30 ரூபாய். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம். அதன் எதிரொலியும் கில்பர்ட் வாக்கர் என்ற வானிலைத் துறைத் தலைவரின் பரிந்துரையும் சேர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகம் அவரை ஆராய்ச்சி மாணவராக எடுத்துக்கொண்டது. எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறாதவரை ஆராய்ச்சி மாணவராக்க விதி இடம் தருமா என்று ஒரு விவாதம் நடந்து, அதையும் தாண்டி, 1913 மே 1 முதல் மாதம் 75 ரூபாய், இரண்டாண்டுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலைக்கு அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை.

இதைத் தியாகக் கதையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கணக்குப் பிரிவுக்காரர் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ஆபீசை விட்டு மாணவரானதில் அவருடைய வருமானம் இரண்டரை மடங்கு ஆகியிருக்கிறது. மாதம் பிறந்தால் பணம் வருகிறது; மூன்று மாதத்துக்கு ஒரு தாளில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. கணிதம் அவருக்கு ஆபீஸ் ஆகிவிட்டது. திருவல்லிக்கேணி வீட்டில் யாரும் அவரைப் பார்த்து "சும்மாதானே இருக்கே" என்று சொல்லியிருக்க வழியில்லை. மேதைமை ஒரு பக்கம் இருக்கட்டும், எஃப்.ஏ. தவறிய நாட்களிலும் அதே மேதைமைதான் இருந்தது, அப்போது ஊர் அவரை வேலையில்லாத பிள்ளை என்றுதான் பார்த்தது. இடையில் மாறியது அந்த 75 ரூபாய்.

இன்றைக்கும் அப்படிச் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. ஜே.ஆர்.எஃப். தேறிய ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் 37,000 ரூபாய். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, நான் முதல்வன் திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தமிழக அரசு கொடுக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் உண்டு. அது முதல் பட்டத்துக்கு. இரண்டாவது முறையாக, வயதான பிறகு, ஒரு பட்டத்துக்காக வகுப்பில் போய் உட்காருகிறவர் இந்த எதிலும் வரமாட்டார். எங்கள் வீட்டில் மாதம் ஆயிரம் வருவது அம்மாவின் மகளிர் உரிமைத் தொகை மட்டும்தான் என்று சொல்லிச் சிரிக்கிறார்.

எனக்கு வியப்பாக இருந்தது, இந்த விஷயத்தில் அம்மாவைவிட அப்பா நிதானமாக இருப்பது. சம்பளம் நின்ற முதல் தேதியில் அம்மாதான் கலங்கிப்போனார். அப்பா நெல்லை மூட்டை பிடித்துச் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோகிறவர். வடமாவட்டங்களில் நெல்வரத்துக்குப் பேர்போன கூடம் அது. அறுவடைக் காலத்தில் மூட்டைகள் வளாகத்தில் கொள்ளாமல் வண்டிகள் சாலையில் வரிசைகட்டி நிற்கும். "நாத்து வுட்டா மறுநாளே பணமா வருது? நாலு மாசம் போட்டுக்கினேதான் இருக்கணும். அவ போட்டுக்கினு இருக்கா" என்றார் என்னிடம். மாதச் சம்பளம் என்ற ஒன்றையே பார்க்காத மனிதருக்கு, சம்பளமில்லாத மாதம் ஒரு விபரீதமாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு வேறு வழியில் புரியவைக்க வேண்டியிருந்தது. முன்பு ஆபீசுக்கு மாட்டிப்போன அடையாள அட்டையின் நாடாவிலேயே கல்லூரி அட்டையைக் கோத்து, வீட்டில் படிக்க உட்காரும்போதும் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். கழுத்தில் அது தொங்கினால் கூப்பிடக் கூடாது என்று ஒப்பந்தம். ஒப்பந்தச் சட்டத்தில் விட்ட மதிப்பெண்ணுக்கு இது ஈடாகிவிட்டதா என்றேன். "அம்மா மீறினா நஷ்ட ஈடு கேக்க முடியாதே சார்" என்றார். மீறல் அடிக்கடி நடக்கிறது. ஆனாலும் குறைந்திருக்கிறது.

படித்து முடித்தாலும் உடனே முதல் தேதி திரும்பிவிடாது. வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. பழைய ஆபீசுக்குத் திரும்பி, பகலில் கணக்கும் மாலையில் கறுப்பு அங்கியுமாக இருக்கும் வழி அங்கேயே அடைபடுகிறது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. அந்தச் செய்தித் துண்டைக் கத்தரித்து, படிப்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

செஞ்சி நீதிமன்றத்தில் தொழில் செய்யும் ஒரு மூத்த வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தும் வந்துவிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "டைப் பண்ணத் தெரியுமா?" இரண்டாவது, "ஜி.எஸ்.டி. தெரியுமா?" இரண்டும் தெரியும் என்றதும், விடுமுறையில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார். சம்பளத்தைப் பற்றி இவர் கேட்டதற்கு, "வாங்க, பாக்கலாம்" என்றாராம்.

"பாக்கலாம்னா எவ்வளவு சார்னு கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார். பதில் இன்னும் வரவில்லை. விடுமுறைக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் குடும்பச் சட்டத் தேர்வு.