மாலை வெயிலைத் தடுக்கும் மூங்கில் திரை

பள்ளி முடிந்து மாலை 4 மணிக்கு வீடு திரும்புகிறீர்கள். மேற்குப் பக்கம் பார்த்த உங்கள் அறையின் கதவைத் திறந்ததும் வெப்பம் முகத்தில் அடிக்கிறது. சன்னலில் துணித் திரை இழுத்து மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் அறை சூடு. கை உடனே குளிர்சாதனத்தின் பொத்தானைத் தேடுகிறது, இல்லையா?

கொஞ்சம் பொறுங்கள். திரை இருந்தும் அறை ஏன் சூடானது? இதற்கான விடை, தாத்தா பாட்டி காலத்துக் கடைவீடுகளில் தொங்கிய மூங்கில் திரையில் இருக்கிறது.

அஞ்சடியில் தொங்கிய திரை

1822ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ராஃபிள்ஸ், கட்டடங்களின் முன்புறம் கூரை போட்ட நடைபாதை இருக்க வேண்டும் என்று விதித்தார். அதைத்தான் நம்மவர்கள் 'அஞ்சடி' என்கிறார்கள். பினாங்கு, மலாக்கா போன்ற நகரங்களின் பழைய தெருக்களிலும் இதைக் காணலாம்.

அஞ்சடித் தூண்களுக்கு இடையே, மெல்லிய மூங்கில் பட்டைகளைக் கயிற்றால் கோத்த திரைகள் தொங்கும். மலாயில் இதற்குப் 'பிடாய்' என்று பெயர். தமிழில் மூங்கில் தட்டி என்போம். சில கடைக்காரர்கள் அதன்மேல் கடையின் பெயரை வண்ணத்தில் எழுதி விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். வெயில் ஏறும்போது திரையை இறக்குவார்கள். வெயில் தணிந்ததும் சுருட்டிக் கட்டுவார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தத் திரை கடைக்கு உள்ளே இல்லை, வெளியே தொங்கியது. இரகசியமே அதில்தான் இருக்கிறது.

கண்ணாடி போடும் பூட்டு

சூரியனிலிருந்து வரும் ஆற்றலின் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவும் குறுகிய அலைநீளம் கொண்ட அகச்சிவப்புக் கதிர்களாகவும் வருகிறது. இவற்றின் அலைநீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. சாதாரணச் சன்னல் கண்ணாடி இவற்றில் பெரும்பாலானவற்றை உள்ளே விட்டுவிடும்.

உள்ளே வந்த கதிர்கள் துணித் திரை, தரை, மேசை ஆகியவற்றின்மேல் பட்டு அவற்றைச் சூடாக்குகின்றன. சூடான பொருள்களும் கதிர்களை வெளியிடும். ஆனால், அவற்றின் அலைநீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். இந்த நீண்ட அலைநீளக் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. சன்னலும் மூடியிருந்தால், சூடான காற்றுக்கும் போக வழியில்லை. வெப்பம் அறையிலேயே தங்கிவிடுகிறது.

உள்ளே தொங்கும் திரை, ஒளியில் ஒரு பகுதியைக் கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும். மற்றதை உறிஞ்சித் தானும் சூடாகி, அறைக்குள்ளேயே ஓர் அடுப்புபோல் நிற்கும்.

வெளியே தொங்கும் மூங்கில் திரையும் சூடாகத்தான் செய்யும். ஆனால், அந்தச் சூட்டைக் கண்ணாடிக்கு அப்பால், காற்று வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். பட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளி காற்றோட்டத்திற்கும் உதவுகிறது.

நடுப்பகல் 12 மணிக்கு அல்ல

கூரை விளிம்பு மட்டும் போதாதா என்று கேட்கலாம். நம் கடிகாரத்தைப் பாருங்கள். 1982ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் தங்கள் நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்தின. அதனால், சூரியன் இங்கே உச்சிக்கு வருவது ஏறத்தாழ மதியம் 1 மணிக்குத்தான்.

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே மார்ச், செப்டம்பர் மாதங்களில் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 45 பாகை உயரத்தில் இருக்கும். 5 மணிக்கு 30 பாகை. 6 மணிக்கு 15 பாகை. இவ்வளவு தாழ்வாகச் சாய்ந்து வரும் வெயில் கூரை விளிம்புக்குக் கீழே புகுந்துவிடும். செங்குத்தாகத் தொங்கும் திரைதான் அதைத் தடுக்கும்.

பகலில் ஒன்று, இரவில் ஒன்று

மூங்கில் திரைக்குப் பின்னால் இருந்து தெருவைப் பார்க்கலாம்; தெருவில் இருப்பவர்களுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். வெளிச்சமான பக்கத்திலிருந்து அதிக ஒளி உங்கள் கண்ணுக்கு வருகிறது. இருண்ட அறையிலிருந்து வெளியே போகும் ஒளியோ மிகக் குறைவு. இரவில் விளக்கைப் போட்டால் நிலைமை தலைகீழ்! எனவே, இரவுக்குத் துணித் திரையும் வேண்டும்.

வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்

மூங்கில் மரமல்ல, புல் இனம். பல வகைகளை 3 முதல் 5 ஆண்டுகளில் வெட்டிப் பயன்படுத்தலாம். ஆனால், அதிலுள்ள மாவுச்சத்து வண்டுகளுக்குப் பிடித்த உணவு. திரைக்குக் கீழே மாவுபோல் தூள் கொட்டிக் கிடந்தால், உள்ளே வண்டு துளைக்கிறது என்று அறியலாம். வெண்காரக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்த மூங்கில் நீண்ட நாள் தாங்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

பாதுகாப்பும் முக்கியம். தொங்கும் திரைக்கயிறு கழுத்தில் சுற்றிச் சிறு குழந்தைகள் இறந்த துயரங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வீட்டில் தம்பி தங்கை இருந்தால், கயிறில்லாத திரையைத் தேர்ந்தெடுங்கள். அல்லது கயிற்றைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். அடுக்குமாடி வீட்டில், சன்னலுக்கு வெளியே எதையும் நீங்களாக மாட்டாதீர்கள்; அது கீழே போவோர் தலையில் விழலாம். பால்கனி இருந்தால், பெரியவர்களிடம் சொல்லி அனுமதி பெற்று, அதன் உட்புறம் உறுதியாக மாட்டச் சொல்லுங்கள். பால்கனிதான் இன்றைய அஞ்சடி! அதுவும் இல்லையென்றால், வெளிர் நிறத் திரையைக் கண்ணாடியை ஒட்டித் தொங்கவிட்டு, சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவான மூன்று ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிகள், மூன்று வெப்பமானிகள், சூஷி சுருட்டும் மூங்கில் பாய் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டியில் பாய் வேண்டாம். இரண்டாவதில், வெயில் படும் சுவரின் உட்புறம் பாயை நிறுத்துங்கள். மூன்றாவதில், அதே சுவருக்கு வெளியே 2 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். வெப்பமானியின் முனையில் நேரடி வெயில் படாதவாறு, மூன்றிலும் ஒரே மாதிரியான சிறு அட்டையால் மறையுங்கள். பெட்டிகளை மூடி மாலை வெயிலில் வையுங்கள். 10 நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து, ஒரு மணி நேரத்தில் வரைபடம் வரையுங்கள்.

மூன்று கோடுகளும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். பிறகு, குளிர்சாதனத்தின் பொத்தானை அழுத்துமுன் உங்கள் சன்னலை ஒருமுறை திரும்பிப் பார்ப்பீர்கள்.