தகவல் எங்கே தேங்குகிறது?

ஏரி நிரம்பியிருப்பினும் மதகு சிறுத்திருந்தால் கடைமடை வயல் காயும். பலருக்கு ஒரே நேரத்தில் தகவல் வழங்கும் சர்வர் என்னும் கணினியின் நிலையும் இதுவே. தகவல் வட்டிலிருந்து எழுந்து, நினைவகத்தின் வழியே வந்து, வலையமைப்புக் கம்பியில் இறங்குகிறது. இவற்றுள் மிகக் குறுகிய இடம் எதுவோ, அதன் வேகமே சர்வரின் வேகம். வினாடிக்குச் செல்லும் தகவலின் அளவைப் 'பட்டையகலம்' எனப் பெயர்க்கின்றனர். 'பாய்வளவு' என்றால் எளிதில் விளங்கும் என்பது என் கருத்து.

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கம் ஒன்று, தன் மேடையில் நடந்த நாடகங்களின் படப்பதிவுகளை உறுப்பினர்கள் வீட்டிலிருந்தே காணுமாறு செய்ய விரும்புகிறது எனக் கொள்வோம். நன்கொடையாகச் சேர்ந்த பணம் சிறிது. ஒருவருக்கு வினாடிக்கு 5 மெகாபிட் தேவையெனில், 1 கிகாபிட் இணைப்பு 200 பேருக்குப் போதும். இணைப்பைப் பிட்டிலும் வட்டைப் பைட்டிலும் அளந்து விற்பது வழக்கம். 8 பிட் சேர்ந்ததே 1 பைட். ஆகவே 1 கிகாபிட் என்பது 125 மெகாபைட்டே.

வட்டோ வினாடிக்கு 200 மெகாபைட் தரவல்லது. அங்ஙனமாயின் குறுகல் கம்பியில்தானே? அன்று. அவ்வேகம் தொடர்ச்சியாகப் படிக்கும்போது மட்டுமே கிட்டும். பலர் பல நாடகங்களைக் கேட்கும்போது, வட்டைப் படிக்கும் முனை ஒவ்வொரு முறையும் இடம் பெயர வேண்டும். இதற்கு ஏறத்தாழ 8 மில்லி வினாடி ஆகும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வட்டில், வேண்டிய பகுதி முனைக்கு நேரே வரச் சராசரியாக 4 மில்லி வினாடி காத்திருக்கவும் வேண்டும். ஆக, வினாடிக்குச் சுமார் 80 முறையே படிக்கலாகும். முறைக்கு 64 கிலோபைட் எடுத்தால் கிடைப்பது 5 மெகாபைட். அது 8 பேருக்கே போதும்!

இதை ஆராயாமல், படம் நின்று நின்று ஓடுகிறதே என்று 10 கிகாபிட் இணைப்புக்குப் பணம் கட்டுவோர் உளர். ஒன்பதாவதாக வரும் உறுப்பினருக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை.

முறைக்கு 1 மெகாபைட்டாகப் படிக்கச் செய்தால், காசு செலவின்றியே சுமார் 90 பேர் காணலாம். பலரும் விரும்பும் நாடகங்களை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டால் வட்டுக்கு வேலை மேலும் குறையும். இவையும் போதாவிடில், சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் வாங்கலாம். சாதாரண சாட்டா வகையே வினாடிக்குச் சுமார் 500 மெகாபைட் தரும். அப்போதுதான் குறுகல் கம்பிக்கு மாறும். கம்பியைப் பெரிதாக்கும் பேச்சும் அப்போதுதான் பொருந்தும்.

காப்புப்படி எடுக்கும் வேலையும் இதே வட்டையும் இதே கம்பியையும் பயன்படுத்துவது. இரவு 9 மணிக்கு நாடகம் பார்ப்போர் மிகுதியாயின், அதனை அதிகாலை 3 மணிக்குத் தள்ளிவைத்தல் நன்று.